எலியின் நீச்சலும் நினைவின் சான்றும்: ஆய்வக விலங்குகளிடம் கற்றலையும் நினைவையும் சோதிக்கும் முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

கற்றலும் நினைவும் நேரே அளக்கத்தக்கவை அல்ல. அளக்கப்படுவது விலங்கின் செயலே. அச்செயலிலிருந்து நினைவை உய்த்துணர்வதற்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உருவாகிவந்த சோதனை முறைகளை, புதிர்வழிச் சோதனைகளை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஒவ்வொரு முறையும் எந்த மாற்று விளக்கத்தை விலக்க எழுந்தது என்பதும், அம்முறைகளின் முடிவுகள் தமிழில் எடுத்துரைக்கப்படும்போது நினைவு என்னும் சொல் எத்துணைப் பொருட்சுமையைத் தாங்க நேர்கிறது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கற்றல், நினைவு, பழக்கம், புதிர்வழி, உய்த்துணர்வு, அறிவியல் தமிழ்

முன்னுரை

வல்லாரை, நீர்ப்பிரமி முதலிய மூலிகைகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அவை நினைவாற்றலைப் பெருக்கும் என்னும் மரபுவழிக் கருத்துக்கு ஆய்வகச் சான்றும் உண்டு என்று குறிப்பிடுவது வழக்கம். அச்சான்று பெரும்பாலும் எலிகளிடமோ சுண்டெலிகளிடமோ நிகழ்த்தப்பட்ட சோதனையாக இருக்கும். மூல ஆய்வுரையில் காணப்படுவது ஒரு கால அளவு: சாறு கொடுக்கப்பட்ட விலங்குகள் இத்தனை நொடிகளில் ஓரிடத்தை அடைந்தன, கொடுக்கப்படாதவை அத்தனை நொடிகளில் அடைந்தன. தமிழ்த் தொடரில் காணப்படுவதோ நினைவாற்றல் கூடியது என்னும் முடிவு. நொடிக்கணக்கு நினைவாற்றலாக மாறும் இவ்விடைவெளியில் நீண்டதோர் உய்த்துணர்வுச் சங்கிலி உள்ளது. அதன் கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் முடிவு நிலைபெறாது.

இதில் மொழி சார்ந்த சிக்கலும் ஒன்று உண்டு. நினை என்னும் வினை தமிழில் எண்ணுதலையும் நினைவுகூர்தலையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே எலிக்கு நினைவு உண்டு என்னும் தொடர், எலி எதையோ மனத்தில் எண்ணிப் பார்க்கிறது என்னும் பொருளையும் படிப்போரிடம் எழுப்பிவிடுகிறது. ஆய்வகத்தில் அச்சொல்லுக்குரிய பொருள் மிகவும் சுருங்கியது: முன் நிகழ்ந்த பட்டறிவு ஒன்றின் விளைவாக விலங்கின் நடத்தையில் தோன்றிக் காலம் கடந்தும் நிலைக்கும் மாற்றத்துக்கு அடிப்படையாக அமைவது. கற்றல் அம்மாற்றத்தைப் பெறுதல். நினைவு அதனைத் தக்கவைத்தல். விலங்கைக் குறித்துப் பேசும்போது பழக்குதல், பழகுதல் என்னும் சொற்களையே தமிழ் வழக்கு பெரிதும் ஆள்கிறது. யானையைப் பழக்கினர் என்பதே வழக்கு. யானைக்குக் கற்பித்தனர் என்பது அருகிய வழக்கு. இச்சொல் வேறுபாடு தற்செயலானதே எனினும், விலங்குச் சோதனைகளின் வரலாற்றில் நெடுங்காலம் நீடித்த ஒரு விவாதத்தோடு அது நெருக்கமாகப் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

கதையிலிருந்து கணக்குக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை விலங்கறிவு பற்றிய செய்திகள் பெரும்பாலும் கதைகளாகவே திரட்டப்பட்டன. தாழ்ப்பாளைத் தானே திறந்த பூனை, வழி தவறாது வீடு திரும்பிய நாய் போன்ற நிகழ்வுகளைத் தொகுத்து ஜார்ஜ் ரோமேன்ஸ் 1882இல் நூலொன்று வெளியிட்டார். இத்தகைய தொகுப்புகளின் குறை வெளிப்படையானது. வழி தவறிய நாயைப் பற்றி எவரும் கடிதம் எழுதுவதில்லை.

எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வேடு இந்நிலையை மாற்றியது. பசித்த பூனையை மரச்சட்டப் பெட்டியில் அடைத்து வெளியே உணவை வைத்தார். வளையத்தை இழுத்தாலோ நெம்பியை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை பிறாண்டியும் கடித்தும் அலைந்தும் ஒரு கட்டத்தில் தற்செயலாக வெளியேறும். மீண்டும் மீண்டும் உள்ளே விடப்படும்போது வெளியேற ஆகும் நேரம் குறையும். அந்நேரங்களை வரிசையாகக் குறித்து வரைந்த கோடு படிப்படியாகவே தாழ்ந்தது. விடை பளிச்சென்று தோன்றியதைக் காட்டும் திடீர் வீழ்ச்சி அதில் இல்லை. பூனை ஆராய்ந்து தெளியவில்லை. பயன் தந்த அசைவு வலுப்பெற்றது, பயன் தராதது மறைந்தது என்பது அவர் முடிவு. முடிவைவிட முறையே நிலைத்தது. விலங்கின் அறிவைப் பற்றிய கேள்வி, ஒரு செயலுக்கு ஆகும் நேரத்தைப் பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தின் ஆதாயத்தையும் இழப்பையும் இத்துறை இன்றுவரை சுமக்கிறது.

சுவரில் மோதிய எலி

அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் ஸ்மால், இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்துப் புதர்வேலிப் புதிர்வழியின் அமைப்பைச் செவ்வக வடிவில் அமைத்து, அதில் எலிகளை ஓடவிட்டு 1901இல் முடிவுகளை வெளியிட்டார். வளைகளில் வாழும் உயிரினத்துக்கு இடுக்கு வழிகளில் ஓடுவது இயல்பான செயல். பூனைக்குப் பெட்டி அயலானது. எலிக்குப் புதிர்வழி அத்துணை அயலானதன்று. அடுத்த அரை நூற்றாண்டில் எலியும் புதிர்வழியும் உளவியலின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

ஓட்டத்துக்கு ஓட்டம் எலியின் தவறுகள் குறைந்தன. ஆனால் அது எதைக் கற்றது? வழியையா, வெறும் அசைவுத் தொடரையா? ஹார்வி கார், ஜான் வாட்சன் ஆகியோர் 1908இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு விடை தந்தது. நன்கு பழகிய எலிகள் ஓடும் நேர்வழி ஒன்றின் நீளத்தை அவர்கள் குறைத்தனர். எலிகள் முழு வேகத்தில் ஓடி, புதிதாக எதிர்ப்பட்ட சுவரில் மோதின. வழியை நீட்டியபோது, பழைய திருப்பம் இருந்த தொலைவை அடைந்ததும் இல்லாத திருப்பத்தில் திரும்ப முயன்றன. கண்முன் இருப்பதைப் பொருட்படுத்தாமல் உடல் தன் அசைவுக் கணக்கின்படி இயங்கியது. இது தமிழ் வழக்குச் சொல்வதுபோல் பழக்கமேயன்றி வேறன்று எனலாம்.

இம்முடிவை மறுக்கும் சான்றும் பின்னர்க் கிடைத்தது. நீர் நிறைந்த புதிர்வழியில் நீந்திப் பழகிய எலிகள், தரை அமைக்கப்பட்டு நடக்க நேர்ந்தபோதும் வழியறிந்து சென்றன என்று மேக்ஃபார்லேன் 1930இல் காட்டினார். நீந்தும் தசையியக்கமும் நடக்கும் தசையியக்கமும் வெவ்வேறு. எலி கற்றது அசைவுத் தொடர் மட்டுமாயின் நடக்கும்போது அது முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அதே ஆண்டில் கலிபோர்னியாவில் எட்வர்ட் டோல்மனும் சார்லஸ் ஹான்சிக்கும் வெளியிட்ட சோதனை மேலும் ஆழமானது. பசித்த எலிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 14 கிளைப்பிரிவுகள் கொண்ட புதிர்வழியில் நாள்தோறும் விடப்பட்டன. முதற்குழுவுக்கு இறுதிப் பெட்டியில் எப்போதும் உணவு உண்டு. இரண்டாம் குழுவுக்கு என்றும் இல்லை. மூன்றாம் குழுவுக்குப் பத்து நாள்கள் உணவின்றி, பதினோராம் நாள் முதல் உணவு வைக்கப்பட்டது. அந்தப் பத்து நாள்களில் மூன்றாம் குழுவின் தவறுகள் அதிகம் குறையவில்லை. தார்ண்டைக்கின் அளவுகோலின்படி அவை ஏறத்தாழ ஒன்றும் கற்கவில்லை. ஆயினும் ஒரே ஒருமுறை உணவு கண்டபின், பன்னிரண்டாம் நாள் அவற்றின் தவறுகள் தொடக்கம் முதல் உணவு பெற்ற குழுவின் அளவுக்குச் சரிந்தன. உணவின்றி அலைந்த நாள்களிலேயே அவை வழிகளை அறிந்திருந்தன. அவ்வறிவைப் பயன்படுத்தக் காரணம்தான் இல்லாதிருந்தது. இது உள்ளுறை கற்றல் எனப்பட்டது. எலியும் மனிதரும் அறிதல் வரைபடம் ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றனர் என்னும் கருத்தை டோல்மன் 1948இல் விரித்துரைத்தார்.

இச்சோதனையின் தருக்கம் இத்துறை முழுமைக்கும் உரியது. கற்றல் வேறு, கற்றதைச் செயலில் காட்டுதல் வேறு. செயல் நிகழாமையால் கற்றல் நிகழவில்லை எனலாகாது. மறுதலையாக, செயல் விரைவுற்றமையால் கற்றல் மிகுந்தது எனவும் ஆகாது. விலங்கு முன்னினும் பசித்திருக்கலாம், அச்சம் தணிந்திருக்கலாம், கால்கள் விரைந்திருக்கலாம். பின்வந்த முறைகள் அனைத்தும் இவ்விரு பிழைகளுக்கும் இடையே வழி தேடியவையே.

மறைந்த மேடை

மூளையின் எப்பகுதி நினைவைத் தாங்குகிறது என்னும் கேள்வியைக் கார்ல் லாஷ்லி புதிர்வழியைக் கொண்டே அணுகினார். எலிகளின் பெருமூளைப் புறணியில் வெவ்வேறு இடங்களை வெவ்வேறு அளவுகளில் சிதைத்துப் பார்த்து, இடம் முக்கியமன்று, சிதைவின் அளவே முக்கியம் என்று 1929இல் முடிவு கூறினார். இம்முடிவின் ஒரு பகுதி சோதனைக் கருவியின் இயல்பிலிருந்து பிறந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புதிர்வழியில் எலி கண்ணாலும் மோப்பத்தாலும் தொடுஉணர்வாலும் தசையுணர்வாலும் வழி காணக்கூடும். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும். எல்லாப் புலன்களுக்கும் இடந்தரும் சோதனையால் எப்புலன், எப்பகுதி என்று பிரித்தறிய இயலாது.

திருப்பம் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. கடும் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு வில்லியம் ஸ்கோவில் 1953இல் மூளை அறுவை செய்தார். இரு பக்கத்துப் பொட்டு மடலின் உட்பகுதிகளும் அவற்றோடு ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் நீக்கப்பட்டன. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் இருத்த இயலவில்லை. ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் 1957இல் இதனை அறிவித்தனர். ஆயினும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து உருவம் வரையும் கைத்திறனை அவர் நாளுக்கு நாள் முன்னேறக் கற்றார். முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு ஒன்றன்று, பல என்னும் கருத்து உறுதிபெற்றது. ஜான் ஓகீஃபும் ஜொனாதன் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971இல், எலி குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கும்போது மட்டும் துடிப்புறும் உயிரணுக்கள் ஹிப்போகாம்பஸில் உள்ளன என்று அறிவித்தபோது, டோல்மனின் வரைபடத்துக்கு மூளையில் ஓர் இருப்பிடம் கிடைத்ததாகக் கருதப்பட்டது.

இவ்வரைபடத்தை மட்டும் தனித்துச் சோதிக்கும் கருவியே ரிச்சர்ட் மோரிஸ் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1981இல் வெளியிட்ட நீர்த்தொட்டி. நீர்ப் புதிர்வழி என்று அது வழங்கப்படினும் அதில் வழிகளும் இல்லை, சுவர்ப் பிரிவுகளும் இல்லை. வட்டமான பெருந்தொட்டியில் பால் கலந்து ஒளிபுகாமல் ஆக்கிய வெதுவெதுப்பான நீர். அதன் மட்டத்துக்குச் சற்றே கீழே சிறு மேடை. நீந்தும் எலிக்கு மேடை தெரியாது. நீரில் மோப்பத் தடம் நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் விளிம்பின் வெவ்வேறு புள்ளியிலிருந்து விடப்படுவதால், இடப்பக்கம் திரும்பு என்பது போன்ற அசைவுப் பழக்கம் உதவாது. அறையின் சுவரில் உள்ள படம், விளக்கு, கதவு முதலிய தொலைக்குறிகளோடு மேடையின் இடத்தைத் தொடர்புபடுத்தினால் மட்டுமே நேராகச் சென்றடைய முடியும். நீரிலிருந்து வெளியேறும் விருப்பமே உந்துதலாதலால் பட்டினியிடும் தேவையும் இல்லை. விலக்க வேண்டியவற்றையெல்லாம் ஒரே தொட்டியில் விலக்கிய இதன் எளிமைக்கு ஈடான கருவிகள் இத்துறையில் மிகச்சிலவே.

பல நாள் பயிற்சியில் எலி மேடையை அடையும் நேரம் குறையும். ஆனால் மோரிஸின் முறையில் உயிரான பகுதி அந்நேரம் அன்று. பயிற்சி முடிந்தபின் மேடை எடுக்கப்பட்டு, எலி ஒரு நிமிடம் அளவு நீந்தவிடப்படுகிறது. தொட்டியை நான்கு கால்பகுதிகளாகக் கருதினால், இலக்கின்றி நீந்தும் எலி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 விழுக்காட்டு நேரத்தைக் கழிக்கும். இடத்தை அறிந்த எலியோ மேடை இருந்த கால்பகுதியில் நெடுநேரம் சுற்றிச்சுற்றித் தேடும். இல்லாத ஒன்றைத் தேடும் அச்செயலை விரைந்த கால்களாலும் மிகுந்த பசியாலும் விளக்க இயலாது. மோரிஸும் உடனாய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகாம்பஸ் சிதைக்கப்பட்ட எலிகளிடம் இந்தத் தேடல் இல்லை. மேடை நீருக்கு மேலே கண்ணுக்குத் தெரியுமாறு வைக்கப்பட்டபோது அவையும் நீந்தி அடைந்தன. ஆகவே கெட்டது கண்ணும் அன்று, நீச்சலும் அன்று, வெளியேறும் விருப்பமும் அன்று.

ஒரு முடிவும் அதன் மறுவிசாரணையும்

நீர்த்தொட்டியின் வரலாற்றில் மிகவும் கற்பிக்கத்தக்க பகுதி அதன் வெற்றியன்று. வெற்றிக்குப் பின் எழுந்த ஐயமாகும். நரம்பணுக்களுக்கிடையிலான இணைப்பு, வலுவான தூண்டலுக்குப்பின் நெடுநேரம் வலுப்பெற்றிருக்கும் நிகழ்வை டிம் பிளிஸ்ஸும் டெர்ஜே லோமோவும் 1973இல் விரிவாக அறிவித்தனர். நீள்கால வலுவேற்றம் எனத்தக்க இந்நிகழ்வே நினைவின் அடிப்படையாகலாம் என்னும் கருத்து பரவியது. ஹிப்போகாம்பஸின் முக்கியப் பகுதிகளில் அது என்எம்டிஏ ஏற்பிகளைச் சார்ந்தது. ஏபி5 என்னும் வேதிப்பொருள் அவற்றைத் தடுக்கும். மோரிஸ் குழுவினர் 1986இல் ஏபி5ஐ எலிகளின் மூளைக்குள் செலுத்தி, அவை மறைந்த மேடையின் இடத்தைக் கற்பதில் குறைபட்டன என்றும், இரு மேடைகளைத் தோற்றத்தால் பிரித்தறிவதில் குறைபடவில்லை என்றும் காட்டினர். வலுவேற்றம் இன்றேல் இடக்கற்றல் இல்லை என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கின.

1995இல் ஒரே இதழில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. சாசியே, கெயின் ஆகியோர், நீர்த்தொட்டியின் பொது நடைமுறைகளை முன்னரே பழகிக்கொண்ட எலிகள், ஏற்பிகள் தடுக்கப்பட்ட நிலையிலும் மேடையின் இடத்தைக் கற்றன என்று காட்டினர். தொட்டியின் ஓரத்தை ஒட்டி நீந்தலாகாது, மேடை கிடைத்தால் ஏறி நிற்க வேண்டும் என்பன போன்றவை அந்நடைமுறைகள். மற்றோர் ஆய்வு பேனர்மேன் முதலியோருடையது. அதன் ஆசிரியருள் மோரிஸும் ஒருவர். வேறோர் அறையின் தொட்டியில் முன்பே இடக்கற்றல் பெற்ற எலிகளுக்குப் புதிய தொட்டியில் ஏபி5 ஊறு செய்யவில்லை. ஆனால் இடக்குறிகள் மறைக்கப்பட்ட முன்பயிற்சி போதுமானதாக இல்லை. முன்பயிற்சியில் எது இன்றியமையாதது என்பதில் இரு ஆய்வுகளும் வேறுபட்டன. எனினும் மருந்தால் கெட்டதாகக் கருதப்பட்ட இடநினைவு, அதே மருந்தின் கீழும் உருவாகக்கூடும் என்பதில் அவை ஒன்றுபட்டன. தன் பெயரால் வழங்கும் கருவியில், தான் பெற்ற முடிவின் வரம்பைத் தானே சோதித்து வெளியிட்டவர் மோரிஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் ஸ்டீலும் மோரிஸும் 1999இல் கேள்வியை வேறுவிதமாக வகுத்தனர். மேடையின் இடம் நாள்தோறும் மாற்றப்பட்டது. எலி முதல் ஓட்டத்தில் தேடிக் கண்டடையும். இரண்டாம் ஓட்டத்தில் நினைவிலிருந்து செல்ல வேண்டும். இடைவெளி 15 நொடியாக இருந்தபோது ஏபி5 பெற்ற எலிகள் குறைபடவில்லை. 20 நிமிடமும் 2 மணி நேரமும் ஆனபோது குறைபட்டன. இரு நிலைகளிலும் தொட்டி ஒன்றே, மருந்து ஒன்றே, நீச்சல் ஒன்றே. மாறியது இடைவெளி மட்டுமே. உடலியக்கக் கோளாறு இருப்பின் அது 15 நொடி இடைவெளியிலும் தெரிந்திருக்க வேண்டும். கால இடைவெளி நீளநீளக் குறைபாடு தோன்றுவது, நினைவு என்னும் சொல்லை உரிமையோடு ஆளத்தகும் அரிய சான்றுகளுள் ஒன்றாகும்.

பழக்கமும் நினைவும்

கார், வாட்சன் ஆகியோரின் எலி சுவரில் மோதியது; மேக்ஃபார்லேனின் எலி வழியறிந்து நடந்தது. எது சரி என்னும் விவாதம், இரண்டும் சரி என்று முடிந்தது. மார்க் பேக்கார்டும் ஜேம்ஸ் மக்காவும் 1996இல் வெளியிட்ட சோதனையில், கூட்டல்குறி வடிவப் புதிர்வழியில் எலிகள் எப்போதும் ஒரே முனையிலிருந்து விடப்பட்டு, ஒரே பக்கக் கிளையில் உணவு பெற்றன. எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் அவை எதிர்முனையிலிருந்து விடப்பட்டன. உணவு இருந்த இடத்துக்கே செல்லும் எலி இடத்தை அறிந்தது. முன்போலவே அதே பக்கம் திரும்பித் தவறான கிளையை அடையும் எலி திருப்பத்தைப் பழகியது. எட்டாம் நாள் பெரும்பாலான எலிகள் இடத்தை நாடின. பதினாறாம் நாள் திருப்பத்தை நாடின. எட்டாம் நாள் மரப்பூசியால் ஹிப்போகாம்பஸைச் செயலிழக்கச் செய்தபோது இடநாட்டம் மறைந்தது. பதினாறாம் நாள் காடேட் உட்கருவைச் செயலிழக்கச் செய்தபோதோ, மறைந்துவிட்டதாகத் தோன்றிய இடநாட்டம் மீண்டும் வெளிப்பட்டது.

பழக்கம் நினைவை அழிப்பதில்லை, அதன்மேல் படிகிறது என்பது இதனால் பெறப்படும். விலங்குக்குக் கற்பித்தல், விலங்கைப் பழக்குதல் என்னும் இருவகைத் தமிழ் வழக்குகளை ஒருபொருட் பன்மொழியாகக் கருதி மொழிபெயர்ப்போர் இச்சோதனையை எடுத்துரைக்கவே இயலாது. நினைவு, பழக்கம் என்று இரு சொற்களையும் பிரித்தாளும்போது தமிழில் இது எளிதில் விளங்குகிறது.

பிற முறைகள்

ஒலி ஒன்றை ஒலித்து, உடனே காலில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தால், எலி பின்னர் அவ்வொலி கேட்கும்போதும் அப்பெட்டிக்குள் விடப்படும்போதும் அசைவற்று உறைந்து நிற்கும். கிம், ஃபேன்சலோ ஆகியோர் 1992இல், பயிற்சிக்கு மறுநாள் ஹிப்போகாம்பஸ் சிதைக்கப்பட்டால் பெட்டியைப் பற்றிய அச்சம் மறைவதையும், 28 நாள்களுக்குப்பின் சிதைக்கப்பட்டால் அது பெரிதும் நிலைப்பதையும் காட்டினர். ஒலி பற்றிய அச்சம் இரு நிலைகளிலும் நிலைத்தது. ஒரே விலங்கில் ஒரு நினைவு கெட்டு மற்றொன்று நிலைப்பதே இங்குக் கட்டுப்பாடாக அமைகிறது.

மருந்தைப் பயிற்சிக்கு முன் கொடுக்காமல் பயிற்சி முடிந்த உடனே கொடுத்தல், மக்கா நெடுங்காலம் வளர்த்த உத்தி. பயிற்சியின்போது மருந்து உடலில் இல்லை. மறுநாள் சோதனையின்போதும் அது பெரும்பாலும் நீங்கிவிடும். எனவே நடையிலோ கவனத்திலோ நேரும் மாற்றத்தை விலக்கி, நினைவு உறுதிப்படும் இடைக்காலத்தை மட்டும் தொட முடிகிறது. இதன் முன்னோடியாகிய டங்கனின் 1949ஆம் ஆண்டுச் சோதனையில், பயிற்சி முடிந்த சிறு பொழுதில் வலிப்பு உண்டாக்கும் மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் குறைபட்டன. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துப் பெற்றவை குறைபடவில்லை. அதிர்ச்சியே தண்டனையாகச் செயல்பட்டிருக்கலாம் என்னும் ஐயம் 1960இல் எழுப்பப்பட்டது. அதன்பின் அதனையும் விலக்கும் முறைகள் வகுக்கப்பட்டன.

உணவோ தண்டனையோ இன்றி, புதிய பொருளை முகர்ந்தறியும் இயல்பான ஆர்வத்தை மட்டும் கொண்டு நினைவைச் சோதிக்கும் முறையை என்னசர், டெலக்கூர் ஆகியோர் 1988இல் அறிமுகப்படுத்தினர். முன்பு கண்ட பொருளும் காணாத பொருளும் அருகருகே வைக்கப்படும்போது, விலங்கு காணாததிடம் நெடுநேரம் செலவிட்டால் கண்டதை அது அடையாளம் அறிந்தது எனலாம்.

எலிகளுக்கு அப்பாற்பட்ட ஒரு சோதனை தனித்துச் சுட்டத்தக்கது. உணவைப் புதைத்து வைக்கும் இயல்புடைய ஜே என்னும் காக்கை இனப் பறவைகளிடம் நிக்கோலா கிளேட்டனும் அந்தோணி டிக்கின்சனும் நிகழ்த்திய சோதனை 1998இல் வெளிவந்தது. பறவைகள் புழுக்களையும் நிலக்கடலையையும் மணல் தட்டுகளில் புதைத்தன. புழு அவற்றுக்கு மிக விருப்பமானது, ஆனால் அழுகும். புதைத்து 4 மணி நேரம் ஆனபின் அவை புழுவைத் தேடின. 124 மணி நேரம் ஆனபின், புழு அழுகும் என்பதை முன்னர்ப் பட்டறிந்த பறவைகள் கடலையைத் தேடின. சோதனையின்போது உணவு நீக்கப்பட்டு மணல் மாற்றப்பட்டிருந்ததால் மணம் துணைசெய்ய வழியில்லை. எதை, எங்கே, எப்போது என்னும் மூன்றும் ஒருங்கே தக்கவைக்கப்பட்டன. ஆயினும் ஆசிரியர்கள் இதனை நிகழ்வு நினைவு என்னாது, நிகழ்வு நினைவு போன்றது என்றே வழங்கினர். தன் கடந்த காலத்தை உணர்ந்து மீளக் காண்பது மனிதரின் நிகழ்வு நினைவுக்கு இலக்கணமாகக் கொள்ளப்படுகிறது. பறவையின் தேடலால் அவ்வுணர்வை நிறுவ இயலாது. போன்றது என்னும் ஒரு சொல்லில் ஆய்வின் நேர்மை முழுவதும் அடங்கியுள்ளது.

சோதிப்பவரும் சோதிக்கப்படும் விலங்கும்

ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சிலருக்கு அவை புதிர்வழியில் சிறந்த மரபின என்றும் சிலருக்கு மந்தமான மரபின என்றும் கூறினர். எலிகளுக்கிடையே அத்தகைய வேறுபாடு ஏதும் இல்லை. எனினும் சிறந்தவை எனக் கூறப்பட்ட எலிகள் சிறந்த முடிவுகளைத் தந்தன. எந்த விலங்குக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை அளவெடுப்பவர் அறியாதிருக்க வேண்டும் என்னும் விதி இதனாலேயே வற்புறுத்தப்படுகிறது.

விலங்கின் மரபினமும் பொய் கூறவல்லது. ஆய்வகச் சுண்டெலி இனங்களுள் சில, விழித்திரை சிதையும் மரபணு மாற்றத்தால் இளமையிலேயே பார்வை இழப்பவை. தொலைக்குறிகளைக் காண இயலாத சுண்டெலி நீர்த்தொட்டியில் நினைவிழந்ததாகத் தோன்றும். ஜான் கிராப் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு மேலும் கலக்கம் தருவது. ஒரே இனங்களைச் சேர்ந்த சுண்டெலிகள் மூன்று நகரங்களின் ஆய்வகங்களில் ஒரே கருவி, ஒரே நடைமுறை கொண்டு சோதிக்கப்பட்டன. ஒப்புமைக்காக இயன்றதெல்லாம் செய்யப்பட்டும், சில சோதனைகளில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவுகள் வேறுபட்டன. ஓர் ஆய்வகத்தின் ஒற்றைச் சோதனை எத்துணை நுட்பமாக நடத்தப்பட்டாலும் அது இறுதிச் சான்று ஆகாது.

தமிழில் எடுத்துரைத்தல்

இவ்வளவையும் மனத்திற்கொண்டு தொடக்கத்தில் சுட்டிய மூலிகைச் சான்றுகளுக்குத் திரும்பலாம். இந்திய மருந்தியல் ஆய்வகங்களில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறை, தரையிலிருந்து உயர்த்தப்பட்ட கூட்டல்குறி வடிவப் புதிர்வழி. அதன் இரு கைகள் சுவரற்றுத் திறந்தவை. இரு கைகள் சுவருள்ளவை. திறந்த கையின் முனையில் விடப்படும் விலங்கு மூடிய கைக்குள் செல்ல எடுக்கும் நேரம் குறிக்கப்படுகிறது. மறுநாள் அந்நேரம் குறைந்தால் நினைவு உண்டு எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் இதே கருவி விலங்கின் பதற்றத்தை அளப்பதற்கு உலகெங்கும் பயன்படுவது. பதற்றம் மிகுந்த விலங்கும் விரைந்து மூடிய கைக்குள் ஓடும். இம்முறையை மட்டும் சார்ந்த ஆய்வில், சாறு நினைவைக் கூட்டிற்றா பதற்றத்தைக் கூட்டிற்றா என்பது கருவியால் மட்டும் தீர்வதன்று.

மற்றொரு வழக்கமான முறை ஸ்கோபோலமைன் என்னும் மருந்தால் குறைபாட்டை உண்டாக்கி, மூலிகைச் சாறு அதனை ஈடுசெய்கிறதா என்று பார்ப்பது. ஸ்கோபோலமைன் நினைவை மட்டும் தொடுவதன்று. கவனத்தைச் சிதைக்கும், கண்மணியை விரிக்கும், நடமாட்டத்தை மாற்றும். இங்குச் சாறு ஈடுசெய்தது எதனை என்னும் கேள்விக்கு விடையாக, மேடை கண்ணுக்குத் தெரியும் நிலையிலும் சோதிக்கப்பட்டதா, நீந்தும் வேகம் தனியே குறிக்கப்பட்டதா, மேடையை நீக்கியபின் தேடல் அளக்கப்பட்டதா என்பவற்றை மூல ஆய்வுரையில் தேட வேண்டும். இவை உள்ள ஆய்வுகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. தமிழில் எடுத்துரைப்போர் இரண்டையும் ஒரே தொடரில் அடுக்குவதே குறை.

மரபு மருத்துவ நூல்களில் ஒரு மூலிகை அறிவைத் தெளிவிக்கும் எனக் கூறப்படுவதும், எலி எத்தனை நொடியில் மேடையை அடைந்தது என்பதும் வெவ்வேறு வகைக் கூற்றுகள். ஒன்று மற்றொன்றை மெய்ப்பிப்பதாக எழுதும்போது இரண்டுமே தம் பொருளை இழக்கின்றன. சாறு கொடுக்கப்பட்ட எலிகள், மேடை நீக்கப்பட்ட பின்னரும் அது இருந்த கால்பகுதியில் மிகுதியான நேரம் தேடின. நீந்தும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்று எழுதுவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் ஏதுமில்லை. நினைவாற்றல் கூடியது என்பதைவிட அது நீளமான தொடர்தான். ஆனால் ஆய்வகத்தில் நிகழ்ந்தது அதுவே.